‘ஏறுங்க’வுக்கு எத்தனை கதவு?

புந்தோங், ஈப்போ
7 ஜூலை 2024

அன்புள்ள தம்பி ரோய்ஸ்டனுக்கு,

கர்த்தர் கிருபையால் நானும் உன் மச்சான் ஆம்புரோஸும் சுகம். டப்ளினில் உன் சுகம் எப்படி, போன மாதம் பிடித்த சளி விட்டதா என்று எழுது. கிறிஸ்மஸ் சண்டைக்குப் பிறகு வாட்ஸ்அப் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை மின்னஞ்சலில் கடிதம் மட்டும் என்று நாம் போட்ட ஒப்பந்தம் எனக்குப் பிடித்துப்போய்விட்டது. வாட்ஸ்அப்பில் மூன்றாவது வரியிலேயே நமக்குச் சண்டை வந்துவிடும். கடிதத்தில் கோபம் வருவதற்குள் விரல் வலித்துவிடுகிறது.

ஒரு நல்ல செய்தி. உன் ‘ஏறுங்க’ மென்பொருளில் இப்போது மூன்று ஊர். அப்பாவை டயாலிசிஸுக்கு யார் கூட்டிப்போவது, எத்தனை மணிக்கு என்று நான் காலண்டர் தாளில் கிறுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு நாலு வருஷத்துக்கு முன் அதை எழுதினாய். அப்பா போய் இரண்டு வருஷம் ஆகிறது. இன்றைக்குப் புந்தோங்கில் முப்பத்தெட்டு டயாலிசிஸ் நோயாளிகள், சித்தியவானில் பத்தொன்பது, பீடோரில் பதினாலு பேர் உன் மென்பொருள் சொல்கிற வண்டியில் ஏறிப் போய்வருகிறார்கள். ஓட்டுகிறவர்கள் எல்லாரும் தங்கள் சொந்தக் காரில் சும்மா வருகிற நல்ல மனசுக்காரர்கள்.

ஒரு சின்ன சூசா, சிக்கல்தான். பீடோரில் ஷர்மினி என்று ஒரு பெண். கைத்தொலைபேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறாள், நிரல் எழுதத் தானாகவே கற்றுக்கொண்டவள். ஓட்டுநருக்குச் செய்தி போகிற நேரத்தை அந்தந்த ஊரே வைத்துக்கொள்ளும்படி ஒரு திருத்தம் எழுதி உனக்கு அனுப்பியிருக்கிறாளாம். ஐந்து வாரம் ஆயிற்றாம். அங்கே செம்பனைத் தோட்டத்துச் சாலையில் தண்ணீர் ஏறியிருக்கிறதா இல்லையா என்பது விடியற்காலை ஐந்து மணிக்குத்தான் தெரியும். கொஞ்சம் பார்.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
எல்ஸி


டப்ளின்
14 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். சளி போய்விட்டது, இருமல் மட்டும் போகிறேன் போகிறேன் என்று வாசலில் நிற்கிறது. மச்சானுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

மூன்று ஊர் என்று கேட்கப் பெருமையாக இருக்கிறது. ஆனால் என்னிடம் நாற்பத்து மூன்று திருத்தங்கள் காத்துக்கிடக்கின்றன. ‘ஏறுங்க’ முழுவதும் ஒரே கோப்பு, பதினோராயிரம் வரி. பெயர்ப் பட்டியல், வழி, செய்தி அனுப்புவது எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கிறது. ஓரிடத்தைத் தொட்டால் வேறெங்கோ ஆடும். அதனால் ஒவ்வொரு வரியும் என் கண் வழியாகத்தான் போக வேண்டும். திறந்த மூல மென்பொருள் என்றால் யாரும் படிக்கலாம், எடுத்துக்கொள்ளலாம், திருத்தி அனுப்பலாம். அனுப்பியதை எல்லாம் நான் சேர்க்க வேண்டும் என்று அர்த்தம் இல்லை.

விவாதப் பக்கத்தைப் பார்த்தாயா? சித்தியவானுக்குப் பொறுப்பாக இருக்கும் மாயாண்டி அண்ணன், செய்தி முந்தின இரவு எட்டு மணிக்கே போக வேண்டும் என்கிறார். அவருடைய ஓட்டுநர்களில் பாதிப் பேர் மீன்பிடிப் படகுக்காரர்கள், விடியும்போது கடலில் இருப்பார்களாம். பீடோர்க்காரர்கள் இப்போது போகிற விடியற்காலை ஐந்து மணியே இருக்கட்டும் என்கிறார்கள். ஒருவரை ஒருவர் பேசுகிற பேச்சைக் கேட்க முடியவில்லை. நம் ஆட்கள் சேர்ந்து வேலை செய்யவே மாட்டார்கள், அக்கா.

ஷர்மினிக்குப் பதில் போட்டுவிட்டேன். “இது முறை அல்ல” என்று.

அன்புடன்,
ரோய்ஸ்டன்


புந்தோங்
28 ஜூலை 2024

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். மச்சான் முழங்காலுக்குத் தைலம் தடவி வீடு முழுக்க மணக்கிறது. நீயும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன்.

உன் பதிலை ஷர்மினி எனக்குப் படித்துக் காட்டினாள். அழுவாள் என்று பார்த்தால் சிரிக்கிறாள். “அண்ணே ஆபிஸ் கவுண்டர்ல உக்காந்திருக்காரு போல லா, அக்கா. மூணு வார்த்தை, ரப்பர் ஸ்டாம்ப் மாதிரி ஒரு சாப்பு குத்து, அவ்வளவுதான்.”

நீ சொன்ன ஒன்றை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நாம் பிறந்த தோட்டத்தில் லயத்து வரிசை வீடுகளுக்கெல்லாம் ஒரே பைப். நீ கைக்குழந்தை, உனக்கு நினைவிருக்காது. அம்மாவும் பக்கத்து வீட்டு இருளாயி அக்காவும் பைப்படியில் வாளியைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள், பார்க்கவே பயமாக இருக்கும். அதே இரண்டு பேர் மத்தியானம் அடுப்படிக் கதவு வழியாகக் குழம்பு மாற்றிக்கொள்வார்கள். வீட்டுக்கு வீடு பைப் வந்த மாதம் அந்தச் சண்டை நின்றுபோனது. அம்மாவும் திருந்தவில்லை, இருளாயி அக்காவும் திருந்தவில்லை. குழாய் மட்டும்தான் மாறியது.

மூன்று ஊரையும் ஒரே பைப்படியில் நிறுத்திவிட்டு, ஏன் அடித்துக்கொள்கிறீர்கள் என்று நீ கேட்கிறாய். எனக்கு நிரல் தெரியாது. வரிசையில் நின்றிருக்கிறேன், அது தெரியும்.

கோபித்துக்கொள்ளாதே.

அக்கா எல்ஸி


டப்ளின்
18 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். அலுவலகத்தில் தலைக்கு மேல் வேலை, அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

கோபமெல்லாம் இல்லை. மென்பொருள் லயத்து வீடு அல்ல, அவ்வளவுதான். இருந்தாலும் நீ சொன்னதற்காக நேற்று மாயாண்டி அண்ணன் கேட்டதைச் சேர்த்துவிட்டேன். இனி எல்லா ஊருக்கும் செய்தி இரவு எட்டு மணிக்குப் போகும். முன்கூட்டியே தெரிவது பீடோருக்கும் நல்லதுதானே. இப்போது திருப்தியா?

ரோய்ஸ்டன்


புந்தோங்
15 செப்டம்பர் 2024

அன்புள்ள தம்பிக்கு,

எல்லாரும் சுகம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன்.

பதில் தாமதமாகிவிட்டது. இங்கே தினமும் மழை. பாடகர் குழுவில் எனக்கு இரண்டாம் வரிசை கொடுத்திருக்கிறார்கள். முன் வரிசைக்குக் குரல் போதாதாம், என் உயரமும் காரணம் என்கிறார் மச்சான். பின்வீட்டுக்காரர் ரம்புத்தான் ஒரு கூடை கொடுத்தார், பாதியில் எறும்பு. மச்சான் புதுக் கண்ணாடி போட்டதிலிருந்து என் சமையலில் உப்பு கூட என்கிறார். கண்ணாடிக்கும் நாக்குக்கும் என்ன சம்பந்தம்?

வண்டிகள் ஓடுகின்றன.

ஒன்று கேட்க வேண்டும். ‘ஏறுங்க’வை யார் வேண்டுமானாலும் நகல் எடுத்துத் தன் இஷ்டப்படி மாற்றிக்கொள்ளலாம் என்று அதன் முகப்பில் எழுதி வைத்திருக்கிறாயே, அது நிஜந்தானா? இல்லை, சும்மா மரியாதைக்கா?

அக்கா எல்ஸி


டப்ளின்
22 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். ரம்புத்தான் என்று எழுதி என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டாய்.

நிஜந்தான்! யாரும் என்னிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அதுதானே இதன் அழகு. திடீரென்று உனக்கு ஏன் இந்த ஆர்வம்? நிரல் எழுதப் படிக்கிறாயா? படி, நான் சொல்லித்தருகிறேன்.

சந்தோஷத்துடன்,
ரோய்ஸ்டன்


டப்ளின்
20 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம் விசாரித்து எழுதும் மனநிலையில் நான் இல்லை. மன்னித்துக்கொள்.

பீடோர் பிரிந்துவிட்டது. ஷர்மினி ‘ஏறுங்க’ முழுவதையும் நகல் எடுத்து ‘ஏறுங்க பீடோர்’ என்று தனியாக ஓட்டுகிறாள். ஒரு மாதமாகவாம். எனக்கு ஒரு வார்த்தை இல்லை. சட்டப்படி தப்பில்லை, தெரியும். ஆனால் நாலு வருஷ ஞாயிற்றுக்கிழமைகளை அதில் போட்டிருக்கிறேன், அக்கா. இவர்களுக்கு நான் யார்? அந்தப் பெண்ணுக்கு இந்த யோசனையை யார் கொடுத்தது? உனக்குத் தெரியுமா?

ரோய்ஸ்டன்


டப்ளின்
3 நவம்பர் 2024

அக்கா,

நான் எழுதி இரண்டு வாரமாக உன் பதில் இல்லை. மச்சானுக்கு ஒன்றும் இல்லையே?

ரோய்


புந்தோங்
10 நவம்பர் 2024

அன்புள்ள தம்பி ரோய்ஸ்டனுக்கு,

மச்சான் சுகம். நானும் உடம்பளவில் சுகம். மூன்று முறை எழுதி மூன்றையும் அழித்துவிட்டேன். இதை அழிப்பதற்குள் அனுப்பிவிட வேண்டும்.

யோசனை கொடுத்தது நான்தான்.

ஷர்மினியின் மாமனார் இராமசாமி ஐயாவுக்கு அறுபத்தொன்பது வயது, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஆகஸ்ட் 22, வியாழக்கிழமை. முந்தின இரவு எட்டு மணிக்குச் செய்தி போனது, ஓட்டுநர் வருகிறேன் என்று சொல்லிவிட்டார். விடியும்போது சாலையில் இடுப்பளவு தண்ணீர். அவர் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார். முன்பானால் ஐந்து மணிச் செய்தி வேறு ஓட்டுநரைத் தேடியிருக்கும். அந்தச் செய்தியைத்தான் நீ எட்டு மணிக்கு மாற்றிவிட்டாயே. ஐயா முச்சந்தியில் குடையோடு இரண்டு மணி நேரம் நின்றார். கடைசியில் கொய்யாப்பழ லாரிக்காரர் ஒருவர் ஏற்றிக்கொண்டு போய் டயாலிசிஸ் மையத்தில் இறக்கிவிட்டார்.

அன்று சாயங்காலமே நான் பீடோருக்குப் போனேன். ஷர்மினி சத்தம் போடவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. “நான் எழுதுனது தப்பாவே இருக்கட்டும், அக்கா. எங்க ஊரு நேரத்த நாங்களே வச்சிக்கிறோம்னுதானே கேட்டேன்? சித்தியவான நான் தொடவே இல்லையே.”

ஐயா உள்ளேயிருந்து, “அட விடும்மா. லாரியில முன் சீட்டு லா! ராசா மாதிரி போய் எறங்குனேன்” என்றார்.

நகல் எடுத்துக்கொள் என்று நான் அங்கேயே சொன்னேன். அதற்குப் பிறகுதான் உன்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டேன், ஒன்றும் தெரியாதவள் மாதிரி. அது என் தப்பு. நடந்ததை உடனே சொல்லியிருந்தால் உன் மனசு உடைந்திருக்கும், உடைந்த மனசோடு அதே கோப்பில் இன்னொரு ஒட்டுப் போட்டிருப்பாய். அப்படி நினைத்துத்தான் மறைத்தேன்.

ஒரு சின்ன விஷயத்தை மாற்ற அந்தப் பெண் பதினோராயிரம் வரியையும் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. உப்பு கேட்டு வந்தவளிடம் அடுப்படியையே பெயர்த்துக் கொடுத்த கதை. மூன்று வாரம் அவள் கடையைச் சீக்கிரம் மூடினாள். உன்னை அவள் விட்டுப் போகவில்லை, தம்பி. நீ வைத்த வீட்டில் அவளுக்கு வேறு வழி இல்லை.

திட்டியாவது எழுது.

அக்கா எல்ஸி


டப்ளின்
8 டிசம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன். நீயும் மச்சானும் நலமாக இருக்க வேண்டும். இராமசாமி ஐயாவும்.

பத்து நாள் உன் மேல் கோபமாக இருந்தேன். பிறகு என் மேல். பதினோராவது நாள் ஷர்மினியின் நகலைத் திறந்து படித்தேன், குற்றம் கண்டுபிடிக்கத்தான். நிரலுக்கு இடையில் அவள் தமிழில் குறிப்பு எழுதி வைத்திருக்கிறாள். ஓரிடத்தில், “இதைத் தொடாதீர்கள், சித்தியவான் கோபித்துக்கொள்ளும்.” வாய்விட்டுச் சிரித்தேன். இன்னும் கொஞ்சம் கீழே, “ரோய்ஸ்டன் அண்ணன் இதை ஏன் இப்படிச் செய்தார் என்று புரியவில்லை. ஏதாவது காரணம் இருக்கும். அப்படியே விட்டிருக்கிறேன்.”

காரணம் எதுவும் இல்லை, அக்கா. அன்றைக்குக் கடைசி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம்.

மறுநாள் அவளைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். யார் என்று சொன்னதும், “அலாமாக்! அண்ணே, நான் வேணும்னு செய்யல” என்றாள். நான் மன்னிப்புக் கேட்டேன். மாமனாரிடம் கொடுக்கச் சொல்லி அவரிடமும் கேட்டேன். அவர், “தம்பி, ஒங்களால எனக்கு அந்த லாரிக்காரர் கூட்டாளி ஆயிட்டாரு. வாராவாரம் கொய்யா வருது” என்றார்.

உன்னிடம் நான் சொல்லாத ஒன்றும் இருக்கிறது. அதில் முதல் எழுநூறு வரி அப்பா உயிரோடு இருக்கும்போது எழுதியது. சோதனைக்காகப் போட்ட அவர் பெயர் இன்னும் அதில் இருக்கிறது. யாராவது உள்ளே கை வைத்தால் அப்பாவின் சட்டையை எடுத்துப் போட்டுக்கொள்கிற மாதிரி எனக்கு இருந்தது. கோப்பைப் பிரிக்காமல் இருந்ததற்கு நேரமின்மை பாதிக் காரணம்தான்.

இப்போது பிரிக்கிறேன், ஷர்மினியோடு சேர்ந்து. நடுவில் நாலே விஷயம் இருக்கும்: யார், எங்கே, எத்தனை மணிக்கு, யார் வண்டி. மற்றதெல்லாம் ஊருக்கு ஓர் அறை. ஓர் அறையில் என்ன மாற்றினாலும் அடுத்த அறைச் சுவர் ஆடாது. ஒவ்வோர் அறைக்கும் வெளியிலிருந்து தனிக் கதவு. யாரும் என்னைத் தாண்டிப் போக வேண்டியதில்லை.

கிறிஸ்மஸ் வாழ்த்துகளோடு,
ரோய்ஸ்டன்


புந்தோங்
2 பிப்ரவரி 2025

அன்புள்ள தம்பிக்கு,

கர்த்தர் நல்லவர். இங்கே எல்லாரும் சுகம். உனக்கு அங்கே பனி பெய்கிறதாமே, காதை மூடிக்கொள்.

முதலில் ஒன்று. அப்பாவின் சட்டைகளை நான் எப்போதோ மச்சானுக்குக் கொடுத்துவிட்டேன். அந்த நீலக் கோடு போட்ட சட்டையில்தான் அவர் செவ்வாய்க்கிழமை வண்டி ஓட்டுகிறார். அப்பாவுக்கு இருந்ததைவிட அவருக்குப் பொருத்தமாக இருக்கிறது, அம்மா இருந்திருந்தால் ஒப்புக்கொள்ள மாட்டாள்.

புது ‘ஏறுங்க’ வந்து ஐந்து வாரம். பீடோர் தன் நகலை மூடிவிட்டுத் திரும்பி வந்துவிட்டது, உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது, மாயாண்டி அண்ணன் இரண்டு நாள் உட்கார்ந்து படகு வரும் நேரத்துக்கு ஓர் அட்டவணை தானே போட்டுவிட்டார். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர், கைத்தொலைபேசியைத் தவிர கணினி எதையும் தொட்டதே இல்லை. “இதுக்காம்மா இவ்வளவு நாளா சண்ட போட்டேன்?” என்று என்னிடம் கேட்கிறார். தைப்பிங்கில் ஒரு குழு சேர்ந்திருக்கிறது. பாரிட்டில் ஒரு மலாய் ஆசிரியை தன் ஊருக்கான செய்திகளை மலாயில் எழுதிவிட்டார். யாரும் யாரையும் கேட்கவில்லை.

ஆனால் விவாதப் பக்கம் செத்துக்கிடக்கிறது, தம்பி. சண்டை இல்லை, பேச்சும் இல்லை. அவரவர் அறை, அவரவர் கதவு. போன வாரம் சித்தியவான் நோயாளி ஒருவரை ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். இங்கே இறங்கினால் யார் கூட்டிப்போவது என்று சித்தியவானுக்குத் தெரியவில்லை, புந்தோங்குக்குத் தகவலே வரவில்லை. முன்பு அடித்துக்கொண்டார்கள், அதனால் ஒருவர் நம்பர் இன்னொருவரிடம் இருந்தது. சிரிக்காதே, என் மனசு அந்தச் சண்டையைத் தேடுகிறது.

அன்புடன்,
எல்ஸி


டப்ளின்
16 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். காதை மூடித்தான் இருக்கிறேன், உன் குரல் எப்படியோ உள்ளே வந்துவிடுகிறது.

மச்சானிடம் சொல், அந்தச் சட்டையை அவரே வைத்துக்கொள்ளட்டும்.

நீ சொன்னது சரி. சுவர் வைத்தால் சண்டை நிற்கும், பேச்சும் நின்றுவிடும். பேச வேண்டிய இடம் எது என்று பார்த்து, அங்கே மட்டும் வேண்டுமென்றே சுவரை எடுத்துவிட வேண்டும். ஓர் ஊர் நோயாளியை இன்னொரு ஊர் வண்டியிடம் ஒப்படைப்பது எந்த ஊருக்கும் தனிச்சொத்து அல்ல. அதை எல்லா ஊரும் சேர்ந்து எழுத வேண்டும். எல்லாரும் சம்மதித்தால்தான் மாறும். அது மெதுவாகத்தான் நடக்கும், சத்தமும் வரும். வரட்டும்.

நான் எழுதப்போவதில்லை. ஷர்மினியும் தனியாக எழுத மாட்டேன் என்கிறாள். உன் வீட்டில் அவர்களை ஒன்றாக உட்கார வை. ஆட்டிறைச்சிப் பிரட்டல் செய். மச்சான் சொல்வதைக் கேட்டு உப்பைக் குறைத்துவிடாதே.

ரோய்ஸ்டன்


புந்தோங்
25 மே 2025

அன்புள்ள தம்பி ரோய்ஸ்டனுக்கு,

எல்லாரும் சுகம். பெர்னடெட் கல்யாணத்துக்குப் பினாங்குக்குப் போய் நேற்று ராத்திரிதான் திரும்பினோம். மச்சானின் தங்கை மகள் கல்யாணம், ஆட்டம் போடாமல் விடுவாரா? முழங்கால் வீங்கிக் கிடக்கிறது.

மார்ச்சில் என் வீட்டில் நடந்த கூட்டத்தைப் பற்றி எழுதியிருந்தேன். ஆறு மணி நேரம், மூன்று முறை குரல் உயர்ந்தது, பிரட்டல் சட்டி காலி. யார் யாரிடம், எந்த இடத்தில், எப்படி ஒப்படைப்பது என்று ஒரு பக்கம்தான் எழுதி முடித்தார்கள். அந்த ஒரு பக்கத்துக்கு நேற்று வேலை வந்தது.

நேற்று விடியற்காலை சித்தியவான் பக்கத்தில் மின்மாற்றி எரிந்து, டயாலிசிஸ் மையத்தில் மின்சாரம் இல்லை. அன்றைய முறைக்கு ஒன்பது பேர். மையத்திலிருந்து ஈப்போவில் ஐந்து இடம், பீடோரில் நாலு இடம் கேட்டு வாங்கிவிட்டார்கள். ஆளைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டுமே! நான் பினாங்கில் தேவாலயத்தில், தொலைபேசியை மூடிப் பைக்குள் போட்டிருந்தேன். நீ தூங்கிக்கொண்டிருந்தாய்.

மாயாண்டி அண்ணன் நாலு பேரை ஏற்றி, பீடோருக்குப் பாதி வழியில் இருக்கும் தெலுக் இந்தானுக்கு அனுப்பினார். அந்த ஊர்ச் சாய்ந்த கோபுரத்துக்கு எதிரில் பீடோர் வண்டிகள் தயாராக நின்றன. இராமசாமி ஐயா தானும் கூட வந்திருக்கிறார், புது ஊருக்கு வருகிறவர்கள் பயப்படக் கூடாதென்று, கையில் ஒரு பை கொய்யாவோடு. டயாலிசிஸ்காரர்கள் கொய்யா தின்னலாமா என்று ஷர்மினி அவரை அங்கேயே ஏசினாளாம். ஈப்போவுக்கு வந்த ஐந்து பேரை நம் புந்தோங் ஆட்கள் பாதி வழியில் வாங்கிக்கொண்டார்கள். ஒன்பது பேரும் அவரவர் மணிக்குப் படுக்கையில்.

இதெல்லாம் எனக்குச் சாயங்காலம் நாலு மணிக்குத்தான் தெரியும், அதுவும் தற்செயலாக. திரும்பி வரும் காரிலிருந்தே மாயாண்டி அண்ணனைக் கூப்பிட்டு, “ஏண்ணே எனக்கு ஒரு வார்த்த சொல்லல?” என்றேன். குரல் கொஞ்சம் ஏறித்தான் இருந்தது.

“சொல்லலாம்னுதான் நெனச்சேன்மா. அப்புறம், கல்யாண வீட்டுல இருக்கீங்க, சந்தோசமா இருக்கட்டும்னு விட்டுட்டோம். நாங்க பாத்துக்கிட்டோம்லா.”

ஒருத்தரும் என்னைத் தேடவில்லை, தம்பி. உன்னையும் தேடவில்லை. முதலில் ரோஷம்தான் வந்தது. பிறகு காருக்குள் நான் சிரித்த சிரிப்பில், என்னமோ ஏதோ என்று மச்சான் வண்டியை ஓரங்கட்டிவிட்டார். அவரிடம் சொன்னேன். அவரும் சிரித்தார். நெடுஞ்சாலை ஓரத்தில், கல்யாண உடுப்பில், இரண்டு கிழடுகள்.

நீ இதைப் படிக்கும்போது அங்கே யாரும் பக்கத்தில் இல்லையென்றால், நீயும் சத்தமாகச் சிரி.

என்றும் உன் மேல் பாசமுள்ள,
எல்ஸி அக்கா